பாட்டன் ஊருக்கு வழி

பிஸ்கட் டின்னின் அடியில் நான்காக மடித்துக் கிடந்த சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், பிறந்த ஆண்டு 2603 என்று இருந்தது. பேராக்கில், லகாட்டில் ஒரு வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்த பேரன் எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தான். பிழையில்லை. ஜப்பான்காரன் ஆண்டபோது மலாயாவில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கு புழங்கியது. அதில் 660ஐக் கழித்தால் 1943. “மரவள்ளிக்கெழங்கு தின்ன காலத்துல பொறந்தவ நான்” என்று பாட்டி சொல்லிவந்தது ஒரு கழித்தல் கணக்கில் உறுதியாகிவிட்டது.

குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கணினி முன்னால் போய் உட்காருகிறார்கள். பாட்டன் பெயரைத் தட்டுகிறார்கள், ஒன்றும் வராது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நம் கதையில் அந்த டின்தான் முதல் ஆவணக் காப்பகம்.

ஏன் என்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நாட்டாலுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை அங்கே இறங்கிய 152,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதிவைத்தார்கள். மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடையாது. சஞ்சிக்கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் நின்றது. பிறகு எல்லாம் கங்காணி ராஜ்யம். கங்காணி தன் ஊருக்கே திரும்பிப் போய், பங்காளி, மாமன் மச்சான், பக்கத்துத் தெருக்காரன் என்று கூட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாம், கப்பல் பயணம், பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் காரன்டின், அங்கிருந்து ரயிலேறித் தோட்டம். வழிச் செலவுக்கு 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி இருந்தது. அரசாங்கத்துக்கு வேண்டியது எத்தனை தலை என்கிற கணக்குதான். 1938இல் இந்திய அரசு இந்தப் போக்குவரத்தைத் தடுத்தபோது முறையே முடிந்துபோனது.

தாளில் இல்லாதது உறவில் இருக்கிறது என்பதுதான் இதில் நமக்குள்ள லாபம். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் இறங்கினார்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். ஆகவே நம் பாட்டனைத் தேடும்போது நேரே மேலே ஏறப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும். உங்கள் பாட்டனின் ஊர் உங்கள் வீட்டில் மறந்துபோயிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டன் ஊர் அவர்கள் வீட்டில் மறக்காமல் இருக்கலாம்.

டின்னுக்குத் திரும்புவோம். அவசரகாலம் அறிவித்த 1948இல்தான் அடையாளக் கார்டு வந்தது. தோட்டத்துச் சனங்களில் பலருக்குப் பெயர் தாளில் ஏறிய முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். அதில் உள்ள பிறந்த தேதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். “முப்பது வயசு இருக்கும்” என்று சொன்னதை வைத்து எழுதிய தேதிகள் ஏராளம். இன்றைய பன்னிரண்டு இலக்க எண்ணில் பிறந்த தேதிக்கு அடுத்து வரும் 08 பேராக்கைக் குறிக்கும். கார்டு நீலமா சிவப்பா என்பதும் ஒரு செய்தி: நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. கடைசி வரை சிவப்பு ஐசியோடு இருந்த தாத்தா இந்தியாவில் பிறந்தவராக இருக்கலாம், அவருடைய குடியுரிமைச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஈ.பி.எஃப். தாள் இருந்தால் விடாதீர்கள். 1951இல் தொடங்கிய சேமநிதி அது, முதலாளி யார், வாரிசு யார் என்று இரண்டையும் சொல்லும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் அட்டை, அன்றைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் இரண்டும் ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும் சாட்சிகள்.

தோட்டத்தின் பெயரில்தான் பலரும் இடறுகிறார்கள். கம்பெனிக் கணக்கில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கும், நம் சனங்கள் வாயில் அது செட்டித் தோட்டம், ஆத்துத் தோட்டம், புதுத் தோட்டம். ஆவணக் காப்பகத்தில் போய் ஆத்துத் தோட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் ஆட்பெயரைக் கேட்பதற்கு முன் தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது எந்த முக்கிம், பக்கத்தில் எந்த ஸ்டேஷன் என்பதையும்தான். லகாட், பூசிங், பாப்பான் பக்கத்துக் கதையெல்லாம் கிந்தா மாவட்டக் கணக்கில் வரும், அந்நாளில் அதன் தலைமையிடம் பத்து காஜா.

ஆட்பெயர் வேறொரு வில்லங்கம். எழுத்து வேலை பார்த்த கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ராமசாமி ஒரு தாளில் ‘ஒய்’யில் முடிவார், இன்னொன்றில் ‘ஐ’யில், வேறொன்றில் இரட்டை ‘ஈ’யில். நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே என்று வெள்ளைக்காரன் முறைப் புத்தகங்களைப் படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஏ/எல், ஏ/பி என்று ஒவ்வொரு தாளும் தகப்பன் பெயரைச் சுமந்து வருகிறது, ஒரு தாள் கிடைத்தால் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. அம்மா வழிதான் சீக்கிரம் அறுந்துபோகும். அதைப் பாட்டிகளிடம் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும், இன்றைக்கே.

டின்னில் இல்லாமல் அலமாரித் தட்டில் கிடக்கும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும்: மொய் நோட்டு. நான் புரட்டிப் பார்த்த ஒன்று நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, மஞ்சள் இப்போது காவி நிறமாகிவிட்டது. பக்கத்துக்கு இருபது வரி. ஆள் பெயர், தோட்டப் பெயர், வெள்ளிக் கணக்கு. இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. நடுவே ஒரு வரியில் ஐந்து வெள்ளி, பக்கத்தில் ‘தாய்மாமன், சுங்கை சிப்புட்’. சுங்கை சிப்புட்டில் அப்படி ஒரு மாமன் இருந்த விஷயமே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிவு இலாகாவுக்குக் கடுதாசி போட்டிருந்தாலும் அவர் கிடைத்திருக்கமாட்டார்.

ஊர்ப் பெயர் ஒரு தாளில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ‘சேலம்’ என்றிருந்தால் சேலம் பஸ் ஏறிவிடாதீர்கள். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். ‘வட ஆற்காடு’ இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்காகக் கிடக்கிறது. ஊரே தெரியாதவர்கள் குலதெய்வத்தைக் கேட்கலாம். மதுரைவீரன் என்றால் உதவாது, அவர் எங்கும் இருப்பார். அண்ணமார் சாமி என்றால் கரூர், நாமக்கல், ஈரோடு என்று கொங்குப் பக்கம் கை நீளும். பச்சையம்மன் என்றால் பழைய ஆற்காட்டுப் பக்கம் விசாரிக்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும்.

இவ்வளவும் கையில் இருந்தால் இப்போது கணினி. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளம் இலவசம், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் பழைய மலாயா ஆங்கிலப் பத்திரிகைகளும் அதில் உண்டு. கூலித் தொழிலாளி பெயர் அதில் வருவது அபூர்வம், ஆனால் அவர் வேலை செய்த தோட்டத்தின் வேலைநிறுத்தம், தீ, வெள்ளம், துரை மாற்றம் எல்லாம் வரும். ஃபேமிலிசர்ச்சும் காசு கேட்காது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாங்கக் கோப்புகளைத் தேடலாம். எச்சிலைத் துப்பி அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனையில் தூரத்து உறவு கிடைக்கலாம், ஊர்ப் பெயர் கிடைக்காது.

எங்கும் கிடைக்காத பெயர்களும் உண்டு. 1942-43இல் ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆட்களின் பெயர்கள் அவை. அதே பாதையில் இறந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் கல்லறை வரிசை இருக்கிறது, பெயர் வெட்டிய தகடு இருக்கிறது. நம்மவர்கள் மொத்தக் கணக்கில் போய்விட்டார்கள். உங்கள் வம்சக் கொடியில் ஓர் ஆள் 1942க்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோனால் ‘சயாமுக்குப் போனார்’ என்று எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் போடுங்கள். அந்த வரிதான் அவருக்கு ஆவணம்.

ஒருநாள் அந்த ஊருக்கே போய் இறங்கினால், ஐசியில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அது கிராணி வைத்த பெயர். டீக்கடையில் உட்கார்ந்து, “இங்க மலேயாக்காரர் வீடு எதுங்க?” என்று கேளுங்கள். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் திரும்பிப் போன குடும்பம் ஏதாவது அந்தப் பெயரிலேயே இருக்கும். அவர்கள் உங்கள் சொந்தமாக இல்லாமல் போகலாம். அடுத்த லயத்துக்காரர்களாக இருக்கலாம். உட்கார்ந்து பேசுங்கள்.