ஒடிந்த மட்டையும் ஓயாத கால்களும்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் பெற்ற பதக்கங்களைக் கொண்டே அளந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வளவுகோல் எத்துணைக் குறையுடையது என்பதை உணர விரும்புவோர், ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தமிழ்ப் பெற்றோரின் மைந்தரான இவர், 1968ஆம் ஆண்டு பூனா நகரை அடுத்த கட்கியிலே பிறந்தார். தந்தையார் நாகலிங்கம், அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் ஊழியர். புது மட்டை வாங்க வசதியற்ற அவ்வீட்டுச் சிறுவர்கள், பிறர் கழித்த ஒடிந்த மட்டைகளைக் கயிற்றாற் கட்டிக்கொண்டு விளையாடினர். பின்னர் தமையனாரைத் தொடர்ந்து பம்பாய் சென்ற தன்ராஜ், 1989இல் இந்திய அணியில் இடம்பெற்றார்.

அது ஹொக்கிக்கு நற்காலமன்று. 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கங்களை வென்ற நாடு இந்தியா. ஆயினும் 1976இல் ஒலிம்பிக் ஆட்டம் புற்றரையினின்று செயற்கைத் தரைக்கு மாறியபின், வேகமும் உடல்வலிமையும் மிக்க மேலைநாட்டு அணிகள் முந்திக்கொண்டன. அத்தகைய வறண்ட காலத்தில் நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் நான்கு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் ஆடியவர் தன்ராஜ். பந்துடன் அவர் பாய்ந்தோடும் விரைவைக் காணவே மக்கள் திரண்டனர்.

1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில், அவர் தலைமையிலான அணி தென் கொரியாவை வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் பெற்றது. கிடைத்த கைம்மாறு யாது? அவரும் மூத்த வீரர் அறுவரும் அணியினின்று நீக்கப்பட்டனர். ஓய்வு கொடுத்ததாகக் காரணம் கூறப்பட்டது. வீரர்களின் வசதிக்காகவும் ஊதியத்துக்காகவும் அவர் குரல் கொடுத்தமையே காரணம் எனப் பலரும் கருதினர். எனினும் அவர் மீண்டும் வந்தார். 2000இல் சிட்னியில், போலந்துடனான ஆட்டம் இறுதி வேளையிற் சமநிலையாகி, அரையிறுதி வாய்ப்பு கைநழுவியது. 2003இல் அவர் தலைமையில் இந்தியா முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குடன் அவரது சர்வதேச ஆட்டம் நிறைவெய்தியது. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் அவர் ஆட்டங் கண்டு வளர்ந்த தலைமுறையே, 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, 41 ஆண்டுப் பதக்கப் பஞ்சத்தை நீக்கியது. நீர் வற்றிய காலத்தில் விதைநெல்லைக் காத்தவனுக்கும் விளைச்சலில் பங்குண்டன்றோ?

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தேற்றாத்தீவு போன்ற நம் ஊர்களிலும், தென்னம் மட்டையே துடுப்பாக மணலில் ஆடும் சிறுவர் பலருளர். அவர்களிடம் “பரிசு எங்கே?” என்று கேட்குமுன், ஓடியாட நல்லதொரு திடலை அமைத்துக் கொடுத்தோமா என்று பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.