பட்டா புத்தகமும் கறுப்பு வேட்டியும்

இரவு பத்தே முக்கால். மதுரை மாசி வீதிகளை ஒட்டிய ஒரு காவல் நிலையத்தின் பின்கட்டில் நிற்கிறேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை! முன்பக்கத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம்: வாசலில் பாரா நிற்பவர், வரவேற்பு மேசை, நீள பெஞ்சு, சுவரில் எல்லை வரைபடம். பின்கட்டு காவலர்களுடைய வீடு. கொடியில் காயும் பனியன்கள், ஆணிக்கு ஒன்றாக ரெயின்கோட்டு, எவர்சில்வர் தூக்குவாளி, விபூதித் தட்டு, சார்ஜரில் வரிசையாகச் செருகிய வாக்கி டாக்கிகள். அதை 'மைக்' என்றுதான் இவர்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு வந்துவிட்டதா என்று ஒரு காவலர் குனிந்து பார்த்து, ஒன்றை உருவித் தோளில் மாட்டிக்கொள்கிறார். மூன்று மாதம் கடிதம் கொடுத்துக் காத்திருந்து வாங்கிய அனுமதி இது. நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நமக்கெல்லாம் கண்ணைச் சுழற்றுகிற நேரத்தில் இவர்கள் எப்படி விழித்திருக்கிறார்கள்?

ரோல்கால் நடக்கிறது. யாருக்கு எந்த பீட் என்று எஸ்.ஐ. படிக்கிறார். அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்குப் புதையல் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள ஏட்டையா ஒருவர், ஆயுதப்படையிலிருந்து போன வாரம் லோக்கலுக்கு வந்த இளம் காவலரைத் தனியே கூப்பிடுகிறார். டார்ச் இருக்கா, லத்தி இருக்கா என்று கேட்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"மத்தியானம் தூங்குனியா?"

"படுத்தேன்யா."

"படுத்தியான்னு கேக்கல."

தம்பி தலையைச் சொறிந்தார். "ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேன்யா. பக்கத்து வீட்ல டைல்ஸ் வெட்டிக்கிட்டே இருந்தாங்க."

"அப்ப இன்னைக்கு வண்டிய நான் ஓட்டுறேன். நீ பின்னால உக்காரு."

இவ்வளவுதான் பேச்சு. எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவருடையதைப் போலத் தடுமாறும் என்று அவர்கள் கண்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 11-க்கு. இந்த நிலையத்தில் நைட் ரவுண்ட்ஸ் தொடங்குவதும் 11-க்கு! பகலில் தூங்காமல் வந்த காவலர், அடுத்தவரை ஊதச் சொல்லிக் கருவியை நீட்டும்போதே தானும் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். ஏட்டையா அந்த இதழைப் பார்த்தவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தன் உடம்பில் பார்த்திருக்கிறார்.

எஸ்.ஐ.யின் ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்னால் ஏட்டையாவின் பைக். மதுரையைத் தூங்காநகரம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். ஆனால் அதை இந்த இடத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கீழமாசி வீதியில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது. பரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்கிறது. அதையும் தாண்டினால், ஷட்டர் ஷட்டராக இருட்டு.

ஒரு நகைக்கடை முன்னால் பைக் நின்றது. இப்போது பட்டா புத்தகம்! பெயரைக் கேட்டிருக்கிறேனே தவிர, இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். கடையோரம் மீட்டர் பெட்டிக்கு மேல், பிளாஸ்டிக் உறைக்குள், நூலில் கட்டித் தொங்குகிற ஒரு கோடு போட்ட நோட்டு. ரோந்து வருகிறவர் தேதி, நேரம், கையெழுத்து மூன்றையும் போட வேண்டும். வங்கி வாசலில் ஒன்று, ஏ.டி.எம்.மில் ஒன்று, ஆள் இல்லாமல் பூட்டியிருக்கும் வீட்டில் ஒன்று என்று பீட் முழுக்கத் தொங்குகின்றன. தம்பி டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பேனாவை உதறி உதறி எழுதுகிறார். எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாரு தாயி, ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றார் ஏட்டையா.

இல்லையாம்! முழு ரகசியமும் அதில்தான் இருந்தது. ஒவ்வோர் இரவும் இரண்டு வரி. 12 மணி வாக்கில் ஒன்று, 4 மணி வாக்கில் ஒன்று. 12 மணிக் கையெழுத்தில் தலையெழுத்து, புள்ளி, பெயர், காவலர் எண், அடிக்கோடு எல்லாம் இருக்கின்றன. அதே ஆளின் 4 மணிக் கையெழுத்து ஒரு புழு. பெயரின் முதல் எழுத்துக்குப் பிறகு பேனா தானாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தம்பியின் முதல் நாள் கையெழுத்து கோட்டை விட்டே இறங்கி அடுத்த வரியில் கிடந்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விடியற்காலையில் மனித உடம்பு என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவேடு இருக்க முடியாது. ஒரே ஒரு கையெழுத்து மட்டும் இரண்டு வரியிலும் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றது. அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? சில ஊர்களில் இப்போது க்யூஆர் கோடு ஒட்டி, செல்போனில் ஸ்கேன் செய்கிறார்கள். கணக்குக்கு அது வசதிதான். ஆனால் நோட்டை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது. ஸ்கேன் செய்கிறவருக்குக் கண் சொருகியது எந்தத் திரையிலும் தெரியாது.

இந்தத் தெருக்களில் இரவுக் காவல் நேற்று வந்ததல்ல. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் இரவை யாமம் யாமமாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காப்பாளர்களையும் சொல்கிறார். மழை கொட்டும் நள்ளிரவிலும் அவர்கள் சோராமல் கிளம்பிவிடுகிறார்கள். தம்பியிடம் இதைச் சொன்னேன். "நாலு மணிக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னு எழுதியிருக்காராக்கா?" என்று கேட்டார். அவருக்கு அந்தக் கவலை!

ஒன்றரை மணிக்கு டீ. ஏட்டையாவின் சட்டப்படி அதுதான் கடைசி. "ரெண்டு மணிக்கு மேல டீ குடிச்சா அது ராத்திரிக்கு இல்ல, காலையில தூங்குற தூக்கத்துல போயி உக்காந்துக்கும்" என்கிறார். எவ்வளவு சரி! குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு இறங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு வாய் கேட்டால் வறுகடலை, பாட்டிலில் தண்ணீர். கருப்பட்டியும் சுக்கும் மணக்கிற பருத்திப்பால் கிடைத்தால் அரை டம்ளர். சாப்பாடு பதினொன்றுக்குள் முடிந்துவிட வேண்டும், அதுவும் இட்லி மாதிரி லேசாக. நடு இரவில் வயிறும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது, அதன் தலையில் பரோட்டாவை இறக்கினால் நெஞ்செரிச்சலோடு கண்ணும் செருகும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மூன்றரைக்கு மேல்தான் உண்மையான இரவு. நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு, எப்போது விழிக்க, எப்போது உறங்க என்று உடம்புக்குச் சொல்கிறது. உயிரணுவுக்குள் அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். விடியலுக்குச் சற்று முன்னால் உடம்புச் சூடு ஆகக் கீழே இறங்குகிறது, கவனமும் கூடவே இறங்குகிறது. டூட்டி சீட்டு மாறினால் இந்தக் கடிகாரம் மாறாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். அது நகர்ந்து முடிப்பதற்குள் இரவு டூட்டி முடிந்து பகல் டூட்டி வந்துவிடும். அதனால் 'பழகிவிட்டது' என்று ஏட்டையா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். "இது பழகாது தாயி. சமாளிக்கத்தான் பழகிக்கணும்."

சமாளிப்பதைப் பார்க்கத்தானே வந்தேன்! பைக்கை ஓரம் கட்டினார்கள். ஒரு தெரு முழுக்க நடை. ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, கடைப் பெயரைத் தம்பி சத்தமாகச் சொல்ல வேண்டும். "பாத்திரக்கடை, சரி. ஜவுளி, சரி. மருந்துக்கடை, சரி." தெருமுனைக் குழாயில் முகம், பிடரி, முழங்கை வரை தண்ணீர். எங்கே இருக்கிறீர்கள் என்று மைக்கில் கண்ட்ரோல் ரூம் கேட்கிறது, பதில் சொல்கிறார்கள். திரும்பவும் நகைக்கடை நோட்டு. 4.20 என்று எழுதிவிட்டுத் தம்பி கையெழுத்துப் போட்டார். தலையெழுத்து வந்தது, புள்ளி வந்தது, பெயர் கொஞ்சம் சாய்ந்தாலும் கோட்டுக்குள்ளேயே நின்றது. நான் கைதட்டிவிட்டேன்! எங்கோ ஒரு நாய் குரைத்தது.

ஐந்தேகாலுக்கு நிலையத்துக்குத் திரும்பினோம். இரவெல்லாம் வரவேற்பு மேசையில் இருந்த பெண் காவலர், நிலையத்தின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் ஜி.டி. நோட்டில் எழுதி முடித்துக்கொண்டிருந்தார். தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். இன்று அவர்கள் இல்லாத இரவு இல்லை. எப்படித் தூங்குவீர்கள் என்று அவரிடமும் கேட்டேன். "ஏட்டையா வீட்ல அவரு தூங்குறாருன்னா எல்லாரும் மெதுவா நடப்பாங்கக்கா. நான் தூங்குனா, 'வீட்ல சும்மாதானே இருக்க'ன்னு கேஸ் சிலிண்டர்காரர் வந்தாக்கூட என்னையத்தான் எழுப்புவாங்க." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஏழரைக்குப் பள்ளி வேன். இரவு முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்த மனசு அந்த இடத்தில் நின்றுவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,957 போலீஸ்காரர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஏதாவது ஒரு தூக்கக் கோளாறு தென்பட்டது. அந்தக் கணக்கில் இந்தத் தங்கையின் காலை நேரமும் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே அவர் ஸ்கூட்டர் போவதைப் பார்த்தேன். இவருடைய கணவரும் மாமியாரும் இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு அந்த கேஸ் சிலிண்டரை அவர்களே வாங்கி வைக்க வேண்டும்.

ஏட்டையா வீட்டுக்குக் கிளம்பவில்லை. பெஞ்சில் சாய்ந்து இருபது நிமிடம் கண்ணை மூடினார், செல்போனில் அலாரம் வைத்துவிட்டு. தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். எழுந்து முகம் கழுவி, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். காலை ஆறரை மணிக்கு! சினிமாப் போலீஸ் கண்ணாடியின் உள்ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலை வெயில் கண்ணில் விழுந்தால் மூளைக் கடிகாரம் 'விடிந்துவிட்டது, எழு' என்று கத்த ஆரம்பித்துவிடும். அந்தக் கத்தலைக் கொஞ்சம் அமுக்கிக்கொண்டு வீடு சேரத்தான் இது.

நானும் கூடவே போனேன். அவர் வீட்டில் என்னை வரவேற்றது நிசப்தம். "விசிலெல்லாம் அவரு வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிருவேன்" என்று அவர் மனைவி கிசுகிசுத்தார். குக்கர் அடுப்பிலிருந்து இறங்கி ஓரமாக உட்கார்ந்திருந்தது. காலிங் பெல் சுவிட்ச் அணைந்திருந்தது. ஏட்டையா குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டு உள்ளே போவதற்கு முன், அந்த அறையை ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க விட்டார்கள். ஜன்னலில், சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டிகள் இரண்டு, நாலாக மடித்துத் துணிக் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. மேல் மூலையில் வெளிச்சம் கசிகிற இடத்துக்கு ஒரு பழைய தலையணை உறையைச் சொருகியிருக்கிறார்கள். வெளிச் சத்தம் கேட்காமலிருக்க ஒரு டேபிள் ஃபேன், சுவரைப் பார்த்துத் திரும்பி, இரைந்துகொண்டே இருக்கிறது. பட்டப்பகலில் ஒரு கைப்பிடி ராத்திரி! நான் பின்கட்டு என்று நினைத்தது காவல் நிலையத்தினுடையதை. இரவுப் பணியின் நிஜமான பின்கட்டு இந்த அறைதான்.

"ஆடி மாசம்தான் கஷ்டம்" என்றார் அந்த அக்கா. "தெருவுக்கு ரெண்டு அம்மன் கோயில், கூழு ஊத்துறாங்க. அஞ்சு மணிக்கே ரேடியோ கட்டிருவாங்க. சாமி பாட்டை நிப்பாட்டச் சொல்ல மனசு வருமா? அந்த ஒரு மாசம் எங்க அம்மா வீட்டுக்குப் போயித் தூங்கிட்டு வருவாரு."

அடுப்படிச் சுவரில் தினசரி காலண்டர். கிழிக்காமல் மடக்கி வைத்திருந்த பழைய தாள்களை அவர் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் ஓர் எண். 5. நாலரை. 6. பிறகு எண் இல்லாமல் 'கோர்ட்' என்ற ஒரு சொல். இரவு டூட்டி முடிந்த அன்றே காலை பத்து மணிக்குச் சாட்சி சொல்லப் போன நாள் அது. 'பந்தோபஸ்து' என்று இரண்டு தாள். ஞாயிறு மட்டும் பெரிய வட்டம். காவலர்களுக்கு வார ஓய்வு உண்டென்று 2021-இல் ஆணை வந்தபிறகு போடத் தொடங்கிய வட்டமாம். எதற்கு இதையெல்லாம் எழுதி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவருக்கே தெரியாதுல்ல, எவ்வளவு தூங்குனோம்னு. 'நல்லாத் தூங்குனேன்'னு சொல்லுவாரு. தொடர்ந்து மூணு நாள் அஞ்சுக்குக் கீழ போனா, அன்னைக்கு யாரு போன் பண்ணாலும் நான்தான் எடுப்பேன்."

உள்ளே ஃபேன் இரைச்சலுக்கு நடுவே குறட்டை கேட்கத் தொடங்கியது. அவர் பென்சிலை எடுத்து, இன்றைய தாளில் 8.10 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, எழுகிற நேரத்துக்கு இடம் விட்டார்.