ஜெராக்ஸில் பிறந்த நாய்க்குட்டிகள்

'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்' 1961 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, டிஸ்னியின் விளம்பரப் பிரிவு ஒரு கணக்கைப் பெருமையாகப் பரப்பியது. படத்தில் மொத்தம் 64,69,952 கறுப்புப் புள்ளிகள். அப்பா நாய் போங்கோவுக்கு 72, அம்மா பெர்டிடாவுக்கு 68, குட்டிகளுக்குத் தலைக்கு 32. ஃபிரேம்கள் 1,13,760. இந்தக் கடைசி எண்ணைப் பிரித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். படத்தின் நீளம் 79 நிமிடம். நிமிடத்துக்கு 60 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம். பெருக்கினால் அட்சர சுத்தமாக 1,13,760. யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை. புள்ளிக் கணக்கும் அந்த வகைதான் என்று எனக்குச் சந்தேகம். போகட்டும், புள்ளி நாய்களைக் கூட்டங்கூட்டமாகத் திரையில் ஓடவிடுவது எவ்வளவு பெரிய வம்பு என்று ஊருக்குச் சொல்ல இது போதுமானதாக இருந்தது.

அந்த வம்பை விலைக்கு வாங்க வைத்தவர் டோடி ஸ்மித். லண்டன் மேடைக்கு 'டியர் ஆக்டோபஸ்' போன்ற நாடகங்களையும், 'ஐ கேப்சர் தி கேஸில்' நாவலையும் எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர். டால்மேஷியன் பைத்தியம். அவர் வளர்த்த முதல் நாயின் பெயரே போங்கோ. நாடகத் தோழி ஒருவர் அந்த நாய்களைப் பார்த்து, இவற்றின் தோலில் அழகான கோட்டு தைக்கலாமே என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு உள்ளேயே கிடந்து, 1956இல் குழந்தைகளுக்கான நாவலாக வெளிவந்தது. நாய்க்குட்டிகளைத் திருடித் தோலுரிக்கப் பார்க்கும் க்ருயெல்லா டி வில் அப்படிப் பிறந்தவள். மறு ஆண்டே வால்ட் டிஸ்னி அதைப் படித்துவிட்டு உரிமையை வாங்கினார். இது படமாக வேண்டும் என்ற ஆசை டோடி ஸ்மித்துக்கும் முதலிலிருந்தே உண்டு.

டிஸ்னி கதைகள் அதுவரை கூட்டு உழைப்பில் உருவானவை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து, சுவரில் படங்களைக் குத்தி, அடித்துத் திருத்திக் கதை செய்வார்கள். இந்த முறை மொத்தப் பொறுப்பும் பில் பீட் என்ற ஒரே ஆளிடம் போனது. தட்டச்சு தெரியாத பீட் முழுத் திரைக்கதையையும் கையாலேயே எழுதினார். நாவலில் போங்கோவின் மனைவியின் பெயர் மிஸ்ஸிஸ்; பெர்டிடா என்பது வேறு ஒரு நாய், குட்டிகளுக்குப் பால் கொடுக்க வந்து சேர்ந்தவள். பீட் இரண்டையும் ஒன்றாக்கினார். இரண்டு ஆயாக்கள் ஒருவராகச் சுருங்கினர். க்ருயெல்லாவின் கணவனான தோல் வியாபாரியும் அவள் வீட்டுப் பூனையும் காணாமல் போனார்கள். அரசாங்கத்துக்கே நிதிக் கணக்கு பார்த்துக் கொடுத்த நாய்களின் எஜமானர், பாட்டுக்கு மெட்டுப் போடும் ரோஜர் ஆனார். பொதுவாகத் தன் கதையைக் கொத்திய ஆளை எழுத்தாளர்கள் லேசில் மன்னிப்பதில்லை. டோடி ஸ்மித்தோ பீட்டுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

கதை தயாரானாலும் கைவேலை மலைபோல் முன்னால் நின்றது. அன்றைய முறை இதுதான்: அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைவார். அந்தக் காகிதத்தின்மேல் 'செல்' எனப்படும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, ஒவ்வொரு கோட்டையும் மையால் மறுபடி இழுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். டிஸ்னியில் 'இங்க் அண்ட் பெயின்ட்' என்று அழைக்கப்பட்ட இந்தப் பிரிவில் ஏறக்குறைய அனைவரும் இளம்பெண்கள். விரல் எண்ணெய் தாளில் படாதிருக்கப் பருத்திக் கையுறை, பேனா பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் அதில் கத்தரித்த திறப்பு. முடிபோன்ற நிப். கோடு தடித்து மெலிந்து போகும் இடமெல்லாம் அப்படியே வர வேண்டும், கை நடுங்கக் கூடாது, வேகமும் குறையக் கூடாது. முகத்துக்குப் பழுப்புக் கோடு, சட்டைக்கு நீலக் கோடு என்று மையின் நிறத்தையும் மாற்றிக்கொண்டே போவார்கள். 'ஸ்னோ ஒயிட்' முகத்தில் நாம் காணும் மென்மையில் பாதி இந்தக் கைகளுடையது.

ஆனாலும் அதற்குக் கலை என்ற பெயர் கிடைக்கவில்லை. அனிமேஷன் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு 1938இல் டிஸ்னியிலிருந்து போன பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. படைப்பு வேலையை இங்கே இளைஞர்கள் செய்கிறார்கள், பெண்களுக்கு மையிடுவதும் வண்ணம் பூசுவதும்தான் என்று மரியாதையாகக் கதவைச் சாத்துகிறது அந்தக் கடிதம்.

1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' இந்த முறையின் உச்சி. 70 எம்எம், ஒவ்வொரு மரமும் ஓவியம். செலவு சுமார் 60 லட்சம் டாலர். முதல் ஓட்டத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. டிஸ்னிலாண்டும் தொலைக்காட்சியும் காசு கொட்டுகிற காலத்தில் இந்தக் கார்ட்டூன் பிரிவு எதற்கு என்ற பேச்சே எழுந்தது. ஆட்குறைப்பு நடந்தது. அடுத்த படமோ நூற்றொரு நாய்கள், அத்தனையின் மேலும் புள்ளி.

வழி கண்டுபிடித்தவர் அப் ஐவர்க்ஸ். மிக்கி மவுஸை முதன்முதலில் வரைந்த அதே ஐவர்க்ஸ். ஆனால் அப்போது அவர் பென்சிலை வைத்துவிட்டு இயந்திரங்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அலுவலகக் காகிதங்களை நகலெடுக்க வந்திருந்த ஜெராக்ஸ் முறையைப் பிடித்து அனிமேஷனுக்கு வளைத்தார். செலீனியம் பூசிய தகட்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, அனிமேட்டரின் பென்சில் படத்தைக் கேமரா வழியாக அதன்மேல் விழவைப்பது. கோடு இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்புப் பொடி ஒட்டும். அதைச் செல்லுக்கு மாற்றி உருக்கிப் பதியவைத்தால் தீர்ந்தது. தாலுகா அலுவலக வாசலில் சாதிச் சான்றிதழை நீட்டி இரண்டு ரூபாய்க்கு நகல் வாங்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அன்று அது அறைகளை அடைத்து நின்ற எந்திரம். 'கோலியாத் II' என்ற குறும்படத்தில் 1960இல் முழுமையாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, நாய்களை அதன் பொறுப்பில் விட்டார்கள்.

எந்திரம் தந்த முதல் சலுகை, பெருக்கம். சில குட்டிகளை ஓடவிட்டு வரைந்துவிட்டால் போதும், அதையே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் நகர்த்தியும் ஒரு பட்டாளமே ஓடும். ஆனால் முதல் குட்டியை வரைந்தே ஆக வேண்டும், அதன் புள்ளிகள் இடம் மாறாமல் நிற்கவும் வேண்டும். நாய் திரும்பும், குதிக்கும், உருளும். புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் தோலில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். நட்சத்திரக் கூட்டத்தைப் படிக்கிறாற்போல் ஒரு புள்ளியை நங்கூரமாக வைத்து, மற்றவற்றை அதிலிருந்து தூரம் பார்த்துப் போட்டார்கள் அனிமேட்டர்கள். க்ருயெல்லாவின் காருக்கு வேறு தந்திரம். அட்டையில் மாதிரிக் கார் செய்து, அதன் விளிம்புகளில் கறுப்புக் கோடு தீட்டி, அதைப் படமெடுத்து ஜெராக்ஸ் போட்டார்கள். பனியில் தடுமாறும் அந்தக் காரில் இன்றும் ஒரு விநோதமான கனம் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது சலுகை யாரும் கேட்டு வாங்கியதல்ல. அனிமேட்டர் போட்ட கோடு இடைக்கை எதுவும் படாமல் திரைக்கு வந்தது. ஓவியர் கோபுலுவின் தூரிகைக் கோட்டை வேறொருவர் மேலே இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மில்ட் காலும் மார்க் டேவிஸும் கால் நூற்றாண்டு டிஸ்னியில் வரைந்தவர்கள். தங்கள் பென்சிலின் துடிப்பை, சொரசொரப்பை, அழிக்காமல் விட்ட அடிக்கோட்டைத் திரையில் அப்போதுதான் கண்டார்கள். டேவிஸ் தனியாளாக வரைந்த க்ருயெல்லா அந்தக் கோட்டாலேயே ஆனவள்: எலும்பும் கோட்டும் சிகரெட் புகையும். பெட்டி லூ ஜெர்சன் குரல் கொடுத்தார். என் கணிப்பில் டிஸ்னி வில்லிகளில் இவளுக்கு இணை இல்லை. மந்திரம் தெரியாதவள், வெறும் கெட்ட குணம் மட்டுமே கையிருப்பு.

பாத்திரம் கோடாகிவிட்ட பிறகு பின்னணி மட்டும் வண்ண ஓவியமாக இருந்தால் ஒட்டாது. கலை இயக்குநர் கென் ஆண்டர்சன் லண்டன் வீதிகளையும் அறைகளையும் கோட்டோவியமாகவே ஆக்கி, அதையும் ஜெராக்ஸ் எடுத்தார். அடியில் வால்ட் பெரிகோயின் வண்ணத் திட்டுகள், கோட்டுக்கு வெளியே வழிந்தும் கோட்டை எட்டாமலும். வால்ட் டிஸ்னிக்கு இது பிடிக்கவே இல்லை. கோடு தெரியாமல் மறைப்பதற்கே முப்பது வருடம் பாடுபட்ட மனிதர். கென் இனி கலை இயக்கம் பக்கம் வரக்கூடாது என்கிற அளவுக்கு எல்லோர் முன்னும் பேசிவிட்டார். 1966இல் சாவதற்குச் சற்றுமுன் ஆண்டர்சனைச் சந்தித்தபோது வால்ட் 'டால்மேஷியன்ஸ்' பற்றி ஏதோ தொடங்கிவிட்டுப் பேச்சை முடிக்காமல் ஒரு பார்வை பார்த்தாராம். மன்னித்துவிட்டார் என்று தான் புரிந்துகொண்டதாக ஆண்டர்சன் பின்னாளில் சொன்னார்.

படம் சுமார் 36 லட்சம் டாலரில் முடிந்தது, நன்றாக ஓடியது, கார்ட்டூன் பிரிவு பிழைத்தது. மையிட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை போனது. வண்ணம் பூசுகிறவர்கள் இருந்தார்கள், அதுவும் அடுத்த முப்பது வருடத்துக்குத்தான். டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து உருவாக்கிய கேப்ஸ் என்ற கணினி முறை, 1989இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' கடைசிக் காட்சியில் எட்டிப் பார்த்தது. 1990இல் 'தி ரெஸ்க்யூயர்ஸ் டௌன் அண்டர்' முழுவதும் அதிலேயே தயாரானது. பென்சில் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணமிட்டார்கள். செல்லும் போனது, குப்பியில் கலந்த வண்ணமும் போனது. கூடவே ஒரு வேடிக்கை: ஜெராக்ஸ் கொண்டுவந்த கறுப்புக் கோட்டிலிருந்து விடுதலை பெற்று, முகத்துக்குப் பழுப்பு, சட்டைக்கு நீலம் என்று நிறக் கோடு திரும்பி வந்தது. 1940களில் பெண்கள் நிப்பால் செய்ததை இப்போது மென்பொருள் செய்தது.

இன்று புள்ளி ஒரு பிரச்சினையே அல்ல. முப்பரிமாண நாயின் மேல் ஒருமுறை தீட்டிவிட்டால், எப்படிக் குதித்தாலும் புள்ளி தோலோடு போகும். நடுவில் 1996இல் நிஜ நாய்களை வைத்தே எடுத்துப் பார்த்தார்கள். கிளென் க்ளோஸ் க்ருயெல்லா. குட்டிகள் படப்பிடிப்பு முடிவதற்குள் வளர்ந்துவிடுவதால் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளை மாற்றி மாற்றி நடிக்க வைத்தார்கள். படம் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்காக டால்மேஷியன் வாங்கி, அதன் துள்ளலைச் சமாளிக்க முடியாமல் காப்பகங்களில் விட்டுவிட்டுப் போன கதை அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. 2021இன் 'க்ருயெல்லா'வில் பல காட்சிகளில் டால்மேஷியன்கள் கணினிக்குள் வளர்ந்தவை. அந்தப் படத்து எம்மா ஸ்டோன் புகைப்பதில்லை. 2015இல் டிஸ்னி வகுத்த விதி அது. மார்க் டேவிஸ் அந்தப் பச்சைப் புகையைத் தனிப் பாத்திரம்போல அவள் பின்னால் உலவவிட்டிருந்தார். எடுத்தது நியாயமாக இருக்கலாம், ஆனால் அவளுடைய பாதி உடம்பு போய்விட்டது. ஃபர் கோட்டின் பொருளும் இன்று மாறிக் கிடக்கிறது. டோடி ஸ்மித் எழுதிய காலத்தில் அது செல்வச் செருக்கின் சின்னம். இன்றைய பிரிட்டனில் ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைகளே சட்டப்படி கிடையாது.

கோட்டுக்குத்தான் பெரிய திருப்பம். எல்லாம் வழுவழுவென்று ஆன பிறகு, அந்தப் பழைய சொரசொரப்பு விலையேறிவிட்டது. 2012இல் டிஸ்னியின் 'பேப்பர்மேன்' குறும்படத்துக்காக, கணினி உருவங்களின்மேல் கையால் கோடு வரையத் தனி மென்பொருளே எழுதினார்கள். அது ஆஸ்கர் வாங்கியது. 2018இல் வந்த ஸ்பைடர்மேன் படமான 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' முப்பரிமாண முகங்களில் மைக் கோடுகளை ஒட்டவைத்துப் பேர் வாங்கியது. எதிர்த்திசையிலும் கூத்து நடந்தது. ஜெராக்ஸ் முறையில் 1963இல் வந்த 'தி ஸ்வார்ட் இன் தி ஸ்டோன்' படத்தை ஐம்பதாம் ஆண்டில் ப்ளூ-ரேயாக வெளியிட்டபோது, பிலிம் துகளைச் சுத்தம் செய்கிறேன் என்று பென்சில் கோடுகளையும் சேர்த்து மங்கவைத்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். வால்ட் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாரோ என்னவோ.

பழைய செல்கள் இப்போது ஏலப் பொருள். டிஸ்னிலாண்டு கடையில் சில டாலருக்கு விற்றவையும், கழுவி மறுபடி பயன்படுத்தியவைபோக மிஞ்சியவையும் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. பிளாஸ்டிக் சுருங்கி வண்ணம் உரிவதால், டிஸ்னியின் ஓவியக் காப்பகம் 'கெட்டி' கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அவற்றைக் காப்பாற்ற ஆராய்ச்சி நடத்தியிருக்கிறது. தாளுக்கு மருத்துவம் பார்க்கிறார்கள், சரி. 'டால்மேஷியன்ஸ்' தொடக்கத்தில் புள்ளிகளோடு விளையாடியபடி ஓடும் பெயர்ப் பட்டியலில் அப் ஐவர்க்ஸின் பெயர் இருக்கிறது, அனிமேட்டர்கள் இருக்கிறார்கள், பின்னணி ஓவியர்கள் இருக்கிறார்கள். வண்ணம் பூசிய பெண்கள் ஒருவர்கூட இல்லை. இப்போது வரும் அனிமேஷன் படங்களில் தயாரிப்புக் காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைக்கூடக் கடைசியில் போடுகிறார்கள். அந்தப் பெண்களின் பெயர்களைத் தேடித் திரட்டி மிண்டி ஜான்சன் ஒரு தடித்த புத்தகம் போட்டது 2017இல். 'ஸ்னோ ஒயிட்' வெளியாகி அப்போது 80 ஆண்டு ஆகியிருந்தது.