படகு மோட்டாரின் தீப்பொறி

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் பழவேற்காடு ஏரி உள்ளது. அதன் நீர் உவர்நீர். அங்குப் படகின் பின்புறம் மாட்டிய பழைய மோட்டார் அடிக்கடி நின்றுவிடுவதற்கு அவ்வுப்பும் ஒரு காரணம்.

மோட்டாரில் பெட்ரோலைப் பற்றவைப்பது பிளக்கின் நுனியில் தோன்றும் தீப்பொறி. கயிற்றை இழுத்தும் மோட்டார் ஓடாவிடில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெரும்பாலும் தீப்பொறி இல்லை. கரி படிந்த பிளக்கை மாற்றியதும் மோட்டார் ஓடும். சில நாளில் மீண்டும் நின்றால் பிளக்கின்மேல் பழிபோடலாகாது. அதற்குச் செல்லும் கம்பியின் உறை வெடித்து, உப்பு ஈரத்தின் வழியே மின்சாரம் கசியக்கூடும். இருட்டில் அக்கசிவு நீலப் பொறியாகத் தெரியும். அப்போது கம்பியைத் தொடக்கூடாது. மோட்டாரை நிறுத்திய பின்னரே அதை மாற்றவேண்டும்.

ஏரி ஆழமற்றது, மோட்டார் நின்றாலும் கழியூன்றிக் கரை சேரலாம். கடலுக்குள் சென்ற படகுக்கு அவ்வழி இல்லை.