மணிக்கணக்கில் வெந்தும் உருண்டை உடையாதது ஏன்?

அமெரிக்க வீட்டு விருந்துகளில், முக்கிய உணவுக்கு முன், மணிக்கணக்கில் மெல்லச் சமைக்கும் ஸ்லோ குக்கரில் இறைச்சி உருண்டைகள் வந்துவிடும். பலருடைய செய்முறையில் குழம்புக்கு இரண்டே பொருள்: ஒன்று திராட்சை ஜெல்லி; மற்றொன்று தக்காளியும் வினிகரும் சேர்ந்த, காரம் குறைந்த சில்லி சாஸ்.

இவ்வளவு நேரம் வெந்தும் உருண்டை உடையாததற்குக் காரணம், பிசையும் பக்குவம். கொத்திய மாட்டிறைச்சியை உப்புப் போட்டுப் பிசைந்தால், தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் கரைந்து வெளிவருகிறது. கலவை விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதம் உறைந்து, வலைபோல் பின்னி, உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. மேலும் மேலும் பிசைந்தால் வலை இறுகி, உருண்டை கடிக்கக் கடினமாகிவிடும். ஒட்டத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். பாலில் ஊறிய ரொட்டித் தூள் புரதங்களுக்கு நடுவே புகுந்து அவை நெருங்காமல் தடுக்கிறது, ஈரத்தையும் காக்கிறது. என்னைக் கேட்டால், கலவையில் முட்டையைக்கூட விட்டுவிடலாம், இந்த ரொட்டித் தூளை விடக்கூடாது.

குழம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால், அதில் இறைச்சி பொன்னிறமாகாது. ஆகவே உருண்டைகளை முதலில் ஓவனில் சிவக்க வைத்து, பிறகு குக்கரில் போடுவது நல்லது. ஜெல்லியின் சர்க்கரையும் பெக்டினும் குழம்பைக் கெட்டியாக்கி உருண்டைமேல் பளபளவென ஒட்டவைக்கின்றன. வினிகர் திகட்டலை முறிக்கிறது.

உருண்டையின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். பரிமாறும் நேரம் முழுவதும் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் பாக்டீரியா வேகமாகப் பெருகும்.