கேமரா தெரிந்த பிள்ளை வேலைக்குப் போகும்போது: படத் தொகுப்பு தயாரிப்பது எப்படி?



நம் மஹல்லாவில் கேமரா பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். நிக்காஹ், வலீமா, பள்ளி ஆண்டு விழா என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது சீசன் தொழில். ரமளானில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும். மாதச் சம்பளத்துக்குப் போகலாம் என்று பார்த்தால் வழிகள் இல்லாமல் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கேட்லாக் படம் வேண்டும். ஸ்டுடியோ, ஹோட்டல், பத்திரிகை, வளைகுடா நாட்டு நிறுவனம் என்று மற்ற இடங்களும் உண்டு. எங்கே போனாலும் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே, "எடுத்த படங்களைக் காட்டுங்கள்" என்றுதான் கேட்பார்கள்.

அப்போது நம் பையன் என்ன செய்கிறான்? செல்போனை எடுத்து கேலரியைத் தள்ளுகிறான். நல்ல படம் ஒன்று வரும், அடுத்து வீட்டுப் பூனை வரும், பிறகு வாட்ஸ்அப்பில் வந்த ஜும்ஆ வாழ்த்து. பார்ப்பவர் அரை நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொழில்காரர்கள் போர்ட்ஃபோலியோ என்று சொல்வது இதையல்ல. எந்த வேலைக்குப் போகிறோமோ அந்த வேலைக்கென்று பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்திய தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ.

பதினைந்து முதல் இருபது படங்கள் போதும். ஐம்பது படம் வைத்தால் அதில் முப்பது சுமாராக இருக்கும், பார்ப்பவர் அந்தச் சுமாரான படத்தை வைத்தே எடைபோடுவார். முதல் படமும் கடைசிப் படமும் இருப்பதிலேயே பலமானவையாக இருக்கட்டும். பொறுக்கும் வேலையை வீட்டாரிடம் விடாதீர்கள். அம்மாவிடம் காட்டினால் எல்லாமே மாஷா அல்லாஹ்தான். தொழிலில் பத்து வருடம் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து, "எதையெல்லாம் தூக்கலாம்?" என்று கேளுங்கள்.

பொருள் படங்கள் எடுக்கும் வேலைக்குக் கல்யாணப் படங்களைக் கொண்டுபோய்ப் பயனில்லை. ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குக் கறாரான அளவுகோல் உண்டு. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்கவேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்கவேண்டும். இதை வீட்டிலேயே பழகலாம். ஜன்னலோரம் ஒரு மேஜை, வளைத்து ஒட்டிய வெள்ளை சார்ட் பேப்பர், நிழலைக் குறைக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை, இவ்வளவுதான். ஒரு தோல் செருப்பு, ஒரு எவர்சில்வர் சொம்பு, ஒரு அத்தர் பாட்டில் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். தோலில் நரம்பு தெரியவேண்டும், சொம்பில் நம் முகமும் ஜன்னல் கம்பியும் தெரியக்கூடாது, கண்ணாடியின் விளிம்பு வெள்ளையில் கரைந்துவிடக்கூடாது. மூன்றும் சரியாக வந்தால் தொகுப்பின் பாதி முடிந்தது. ஒரே ஒளியில் ஐந்து ஜோடிச் செருப்பை ஒரே மாதிரி எடுத்துக் காட்டுவதும் நல்லது. தினமும் நூறு பொருளை எடுக்கப்போகிறவனிடம் நிறுவனம் எதிர்பார்ப்பது அந்த ஒரே சீரைத்தான்.

பத்திரிகை வேலை என்றால் ஒரே நிகழ்ச்சியை ஐந்தாறு படங்களில் கதையாகச் சொல்லும் வரிசை ஒன்று வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு இருக்கட்டும். கல்யாண ஸ்டுடியோ என்றால் இருபது வீட்டிலிருந்து ஒவ்வொரு படம் எடுப்பதைவிட, ஒரே நிக்காஹை ஆரம்பம் முதல் முடிவு வரை காட்டுவது மேல்.

இனி நம் வீடுகளில் அதிகம் பேசவேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

"நான் எடுத்த படம்தானே, நான் காட்டினால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சட்டப்படியே அது சரியல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே, வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்து எடுத்த படம் பொதுவாக முதலாளியைச் சேரும். எனவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, "இன்னின்ன படங்களை என் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைத் தாண்டி அமானிதம் என்று ஒன்று இருக்கிறது. பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் அந்த வீட்டார் நம்பி ஒப்படைத்தவை. மாப்பிள்ளை தலையாட்டினால் போதாது, மணப்பெண்ணே சம்மதித்து எழுதித் தரவேண்டும். அந்தத் தாளில் எந்தப் படம், எங்கே காட்டப்படும் என்பது இருக்கட்டும். இண்டர்வியூவில் அச்சுப் படமாக மட்டும் காட்டுவதும் இன்ஸ்டாகிராமில் போடுவதும் ஒன்றல்ல. பின்னாளில் வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடவேண்டும்.

பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபரே வேண்டும் என்று கேட்கும் வீடுகள் இப்போது நிறைய. நம் பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கடம்: எடுத்ததில் மிகச் சிறந்தவற்றைத்தான் வெளியே காட்டமுடியாது. முகத்தை மங்கலாக்கி வைப்பதை நான் சொல்லமாட்டேன், அது போலீஸ் செய்திப் படம் போல ஆகிவிடுகிறது. அதற்குப் பதில் மருதாணிக் கை, நகை, புடவையின் ஜரிகை, மேடை அலங்காரம், பெற்றோர் சம்மதத்தோடு ஒரு குழந்தையின் சிரிப்பு என்று தொகுக்கலாம். முகத்தில் ஒளி அமைக்கும் திறமையைக் காட்ட, சம்மதிக்கிற தோழியையோ வயதான பாட்டியையோ வைத்துத் தனியாகப் பயிற்சிப் படம் எடுக்கலாம். தேர்வு செய்பவர் பெண்ணாக இருந்தால், அனுமதி பெற்ற சில படங்களை அச்சில் மட்டும் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடலாம்.

வளைகுடா செல்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறரைப் படம் பிடித்து அந்தரங்கத்தில் தலையிடுவதற்குச் சிறையும் பெரிய அபராதமும் விதிக்கிறது. சம்மதக் கடிதங்களோடு தொகுப்பைக் கொண்டுபோனால் அங்கே அதுவே ஒரு தகுதியாகத் தெரியும்.

அச்சுக்கு 8க்கு 12 அங்குலம், மேட் தாள், ஒரு சாதாரணக் கறுப்பு ஃபைல் போதும். மின்னஞ்சலில் அனுப்ப 10 எம்பிக்குள் ஒரு பிடிஎஃப் வைத்துக்கொள்ளுங்கள். படங்களை எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் சேமியுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் திரையில் நிறம் செத்துப்போய்த் தெரியலாம். அங்கே நெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று படங்களுக்குத் திருத்தாத ரா ஃபைலும் கூட இருக்கட்டும், கேட்பார்கள். இணையத்தில் இறக்கிய படத்தை நுழைத்தால் ஒரு நிமிடத் தேடலில் பிடிபட்டுவிடும்.

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று பெற்றோர் கடன் வாங்க வேண்டியதில்லை, வட்டிக்கு வாங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். நல்ல கேமராவும் லென்ஸும் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தொகுப்புக்கான படங்களை இரண்டு நாளில் திட்டமிட்டு எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விஷயங்களைச் சொல்லத் தெரிந்துகொண்டு போகவேண்டும்: ஒளி எங்கிருந்து வந்தது, எந்த லென்ஸ், எடுக்கும்போது என்ன சிக்கல் வந்தது. பல இடங்களில் பேச்சு முடிந்ததும், "இந்தப் பொருளை எடுத்துக் காட்டுங்கள்" என்று அங்கேயே ஒரு சோதனை வைப்பார்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலியான மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவற்றை முந்தின இரவே பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.