உங்களுக்குத் தெரியுமா? திருச்சபை நூல்களுக்காக ஒரு கணினித் திட்டம்

கணினி மொழிபெயர்ப்பு என்றால் ராணுவமும் உளவுத்துறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் இதில் இறங்கியது சமய நூல்களுக்காக! மார்மன் திருச்சபையின் பல்கலைக்கழகம் அது. திருச்சபையின் ஆங்கில நூல்களை ஸ்பானிய, போர்த்துகீசிய, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் கொண்டுவருவதே நோக்கம்.

காலமோ சாதகமாக இல்லை. எந்திர மொழிபெயர்ப்பால் பெரிய பயன் இல்லை என்று அமெரிக்க அரசு அமைத்த ஆல்பாக் குழு 1966இல் அறிக்கை தந்ததும், அரசின் நிதி பெரிதும் வற்றிவிட்டது. அப்படியும் துணிந்தார்கள் என்பதே பாராட்டத்தக்கது.

மொழியியலாளர் எல்டன் லைட்டில் வகுத்த ‘ஜங்ஷன் இலக்கணம்’ என்ற மொழியியல் கோட்பாடுதான் திட்டத்தின் அடித்தளம். எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும் என்று நம்பித் தொடங்கினார்கள், அது கைகூடவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள். ஆங்கில வாக்கியத்தில் இருபொருள் தோன்றினால் கணினி கேள்வி கேட்கும். திரைமுன் அமர்ந்திருப்பவர் சரியான பொருளைத் தேர்ந்து சொல்வார். இதில் அருமையான அம்சம், ஒருமுறை சொன்ன பதிலை வைத்தே பல மொழிகளுக்கும் மொழிபெயர்க்கலாம் என்பது. மனிதரையும் கணினியையும் சேர்த்து உட்காரவைத்த இந்த யோசனை, அன்றைக்கு மிக முற்போக்கானது.

திட்டத்தில் பணியாற்றிய ஆலன் மெல்பி, பின்னர் மொழிபெயர்ப்பாளரே தலைமை வகிக்கும் கணினிக் கருவிகளுக்காக வாதாடினார். ஆய்வுக் குழுவினர் சிலர் 1980இல் ‘ஆல்ப்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மொழிபெயர்ப்பு மென்பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.